டிரவுட் மீனும் ஐந்து வாத்தியங்களும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஜனவரி மாத மாலையொன்றில் நடந்த, சேம்பர் இசை எனப்படும் சிறு குழு மேலைநாட்டு இசைக் கச்சேரிக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அண்ணன் அக்காமார்களுக்கும், கடைசி வரிசையில் போய் இடம் பிடித்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். அந்தக் கடைசி வரிசைக்காரர்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள்: எழுந்து முன்னால் வந்துவிடுங்கள். இன்றைக்கு வாத்தியங்களுக்கு மைக் கிடையாது. நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஒன்றையும் என் பேச்சு முடிந்தவுடன் அணைத்துவிடுவார்கள். மைக் இல்லாமல் ஒரு கச்சேரியா என்று நம் சங்கத்துப் பொருளாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்கே ஒலிபெருக்கி கட்டுகிற ஊரில் அவர் அப்படிக் கேட்பது இயல்புதான். நாதஸ்வரத்துக்கு ஒலிபெருக்கி எதற்கு என்பதை இன்னொரு கூட்டத்தில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இன்று வாசிக்கப்போகிறவர்கள் ஐந்து பேர். வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ, வயலின் குடும்பத்திலேயே மிகத் தாழ்ந்த குரலுடைய டபுள் பாஸ், பியானோ. ஐவருமே பெரிய இசைக்குழுக்களில் ஊறித் தேர்ந்தவர்கள். அங்கே பத்துப் பதினைந்து வயலின்கள் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும். எதிரே ஒருவர் கோல் பிடித்து வழிநடத்துவார். இங்கே அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு வரிக்கு ஒரே ஆள். வில் சற்றுப் பிசகினாலும் மறைந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் கிடையாது. எப்போது தொடங்குவது, எங்கே மெதுவாக இழுப்பது என்பதையெல்லாம் அவர்கள் கண்ணாலும் மூச்சாலும் தீர்மானித்துக்கொள்வார்கள். வயலின்காரர் தொடங்குவதற்கு முன் மூச்சை இழுத்து, வாத்தியத்தின் தலையை லேசாக உயர்த்துவார். பியானோக்காரருக்குக் கைகள் கட்டைமேல் இருந்தாலும் ஒரு கண் எப்போதும் அந்த வில்லின்மேல்தான் இருக்கும். இதையெல்லாம் பத்து அடி தூரத்திலிருந்து பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் உங்களை முன்னால் வரச் சொல்கிறேன்.

இந்த இசை கனவான்களுக்கானது, நமக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லவந்தது ஒன்றுதான்: இது வீட்டுக்கூடத்தில் பிறந்த இசை. இன்று நாம் கேட்கப்போகும் வியன்னா இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் ஷூபர்ட்டின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் பள்ளி ஆசிரியர். அவருக்குச் செல்லோ, மூத்த பிள்ளைகள் இக்னாஸ், ஃபெர்டினாண்ட் இருவருக்கும் வயலின், சிறுவன் ஃபிரான்ஸுக்கு வயோலா. அண்ணன்மார் தப்பாக வாசித்தால் தம்பி உடனே முகத்தைப் பார்ப்பானாம். அப்பா தப்பாக வாசித்தால் முதல் தடவை பேசாமல் இருந்துவிடுவான். அதே தப்பு மறுபடியும் வந்தால், எங்கேயோ ஏதோ பிசகு இருக்கிறது போலிருக்கிறதே என்று கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே சொல்வானாம். இதை ஃபெர்டினாண்ட் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். மரியாதையும் காது நேர்மையும் ஒன்றாகக் குடியிருந்த வீடு அது.

மொசார்ட்டின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. இன்றைய முதல் பாதியில் வருவது சோகச் சாயலுள்ள ஜி மைனர் சுரவரிசையில் அவர் 1785இல் எழுதிய பியானோ நால்வரிசை, அதாவது பியானோவும் மூன்று தந்தி வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி. வியன்னாவில் ஹோஃப்மைஸ்டர் என்ற பதிப்பாளர் மூன்று உருப்படிகள் கேட்டிருந்தார். முதலாவதை அச்சடித்துப் பார்த்தால் விற்கவில்லை; வாங்குகிறவர்கள் வீட்டில் வைத்து வாசிக்க முடியாத அளவுக்குக் கடினம். அவர் ஒப்பந்தத்திலிருந்து மொசார்ட்டை விடுவித்துவிட்டார். சந்தை என்று எதைக் கருதினார்கள் என்று கவனியுங்கள்: மாலை நேரத்தில் நான்கு பேர் கூடி வாசிக்கும் சாதாரணக் குடும்பங்களை. அந்த உருப்படியின் தொடக்கத்தில் நான்கு வாத்தியங்களும் ஒரே சொற்றொடரை ஒருமித்து, கண்டிப்பான குரலில் சொல்லும். அடுத்த கணமே பியானோ தனியாக வேறொரு பதில் சொல்லும். வீட்டில் வாசித்துப் பார்த்தவர்கள் திகைத்துப்போயிருப்பார்கள்.

நம் வீடுகளிலும் இப்படி ஒன்று இருந்தது. ஹார்மோனியம் ஒன்று, வயலின் ஒன்று, கிளாரினெட் வாசிக்கும் மாமா ஒருவர், தபலாவுக்குப் பக்கத்து வீட்டுப் பையன். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் அவர்கள்தான் வாசித்தார்கள். நகரத்தின் பெரிய மண்டபங்களில் என்ன வாசித்தார்கள் என்பதோ நம்மவருக்கு எட்டாத சங்கதி. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்து இந்தச் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் கொண்டுவந்து போட்டது. 1953இல் வந்த தனி வசதிச் சட்டம் கடற்கரையையும் பூங்காவையும் மண்டபத்தையும் நிறம் பார்த்துப் பங்கு போட்டது. அது நீங்கியது 1990இல். இடைப்பட்ட காலத்தில் பெத்தோவனைத் தெரிந்துகொண்ட நம் பெரியவர்கள் பலர் வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டவர்கள். வில் நரம்பைத் தொடும் அந்த முதல் உரசலை நேரில் கேட்டவர்கள் குறைவு. அதனால்தான் நகரத்துக்குப் போய்க் கேட்கலாமே என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கச்சேரி இங்கே வரட்டும் என்றேன்.

இனி, கேட்கும் முறைக்கு வருகிறேன். கர்நாடக இசையில் பழகிய காதுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. நமக்குப் பாட்டு என்பது ஒரே வரி. பாடகர் ஒரு சங்கதி போட்டால் வயலின் அதை ஒட்டியே தொடரும். மிருதங்கம் தாளத்தைப் பிடித்து அழகுபடுத்தும். தம்புரா அடியில் ஓடிக்கொண்டிருக்கும். வயலின் நம்மிடம் வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையருகே மணலியில் இருந்தபோது ஐரோப்பியரிடம் கற்று, அதை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். சுருதியை மாற்றினோம், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையைக் கணுக்காலில் ஊன்றினோம், கமகத்துக்கு இசைவாக விரலை வழுக்கவிட்டோம். வாத்தியம் முழுக்க நம்முடையதாகிவிட்டது. ஆனால் இன்றைக்கு அதே வாத்தியம் வேறு பாஷை பேசப்போகிறது. ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் சொல்வார்கள். பாட்டு எங்கே என்று ஒரு வரியைத் தேடினால் பாதி கச்சேரி காணாமல் போய்விடும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் நான்கு சித்திகள் ஒருங்கே பேசிக்கொண்டே ஒரே அண்டாவில் குழம்பு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி பேச்சும் வீணாவதில்லை, குழம்பும் கெடுவதில்லை. அந்தக் காதோடு கேளுங்கள்.

நான் சொல்லும் ஒரே உபாயம்: வயோலாவைப் பின்தொடருங்கள். எல்லாரும் வயலினைத்தான் கேட்பார்கள். அது மேலே இருக்கிறது, தானாகவே காதில் விழும். வயோலா நடுவில் இருக்கிறது. சில இடங்களில் தாளத்தை மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். சில இடங்களில் வயலின் சொன்னதை ஒரு நொடி தாமதித்து, இன்னும் இருண்ட குரலில் சொல்லும். நடுக்குரல் பிடிபட்டுவிட்டால் மேலும் கீழும் தாமாகப் பிடிபடும். ஷூபர்ட் வீட்டில் அதை வாசித்தவர் ஷூபர்ட்டே என்பதையும் மறக்கவேண்டாம்.

ஐந்து வாத்தியங்களுக்கு அவர் எழுதிய டிரவுட் ஐவரிசைதான் இரண்டாம் பாதி. டிரவுட் என்பது குளிர்ந்த ஓடைகளில் வாழும் ஒரு மீன். 1819 கோடையில், இருபத்திரண்டு வயதில், ஃபோகல் என்ற பாடகரோடு ஆஸ்திரியாவின் ஸ்டையர் என்ற ஊருக்குப் போனார். தங்கிய வீட்டில் எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள், ஏறக்குறைய எல்லாரும் அழகிகள் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். நல்ல கோடை என்று தெரிகிறது. அந்த ஊரில் பௌம்கார்ட்னர் என்ற சுரங்க அதிகாரி செல்லோ வாசிப்பவர். ஷூபர்ட் 1817இல் எழுதிய டிரவுட் மீன் பாட்டு அவருக்கு உயிர். அந்த மெட்டை வைத்து, ஹும்மல் என்ற இன்னொரு இசையமைப்பாளர் எழுதிய ஓர் ஐவரிசையின் வாத்தியங்களுக்கே ஒன்று எழுதித் தரக் கேட்டார். அதனால்தான் வழக்கமான இரண்டாம் வயலின் இல்லாமல் டபுள் பாஸ் வந்து சேர்ந்தது. அதன் விளைவைக் காதால் கேட்பீர்கள். அடித்தளத்தை டபுள் பாஸ் தாங்கிக்கொள்வதால் செல்லோவுக்குப் பாடுவதற்கு விடுதலை கிடைக்கிறது. பியானோக்காரரின் இரு கைகளும் பல இடங்களில் மேல் ஸ்தாயியில் ஒரே வரியை எட்டுச் சுர இடைவெளியில் சேர்ந்து வாசிக்கும். அந்தப் பளபளப்பு இந்த உருப்படிக்கே உரியது. ஷூபர்ட் முப்பத்தொரு வயதில் 1828இல் இறந்தார். இது அச்சானது அடுத்த ஆண்டு.

பாட்டின் கதை எளிது. தெளிந்த ஓடை, துள்ளும் மீன், கரையில் தூண்டில்காரன். தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை மீன் அகப்படாது என்று கரையில் நிற்பவர் நிம்மதியாக இருக்கிறார். தூண்டில்காரன் தண்ணீரைக் கலக்குகிறான், மீன் மாட்டிக்கொள்கிறது. மூலக் கவிதையில் இளம்பெண்களுக்குப் புத்தி சொல்லும் கடைசிச் செய்யுள் ஒன்று உண்டு. ஷூபர்ட் அதை விட்டுவிட்டார். நல்ல காரியம் செய்தார்.

ஐவரிசையின் ஐந்து பகுதிகளில் நான்காவதில்தான் இந்த மெட்டு வருகிறது. முதலில் தந்தி வாத்தியங்கள் மட்டும் அமைதியாகச் சொல்லும். பியானோ வாய் திறக்காது. அப்புறம் ஒவ்வொருவராக மெட்டை வாங்கிக்கொள்வார்கள். முதலில் பியானோ. அடுத்து நம் வயோலா. வயலின் மேலே ஓடி விளையாடும்போது மெட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், நடுவில் கிடைக்கும். மூன்றாவது முறை செல்லோவும் டபுள் பாஸும் கீழே மெட்டைச் சொல்ல, பியானோ மூச்சு விடாமல் ஓடும். நான்காவதில் மெட்டு மைனருக்கு மாறிச் சீறும். ஐந்தாவது செல்லோவுக்கு, பௌம்கார்ட்னர் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாசித்திருப்பார் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். கடைசியில்தான், மூலப் பாட்டில் பியானோ வாசித்த அந்தத் துள்ளல் அப்படியே வரும். அதுவரை ஷூபர்ட் அதை ஒளித்துவைத்திருக்கிறார்.

டிரவுட் மீன் நமக்கு அந்நியம் என்று நினைக்கவேண்டாம். நம் மாகாணத்து டிராகன்ஸ்பர்க் மலைப்பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். 1890 வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாகக் கப்பலில் வந்து, நேட்டால் மலை ஆறுகளில் விடப்பட்ட இனம் அது. 1860 நவம்பரில் டுரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய நம் பாட்டன்மாரைவிட முப்பது ஆண்டு இளைய குடியேறி.

வீட்டு நிர்வாகம் கொஞ்சம். ஜனவரி மாத டர்பன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இந்த ஈரக்காற்றில் பியானோவின் உள்பலகை உப்பிச் சுருதி ஏறும். வில்லின் குதிரைமயிர் தளரும். வயலினை ஒட்டியிருக்கும் பசை, மரம் வெடிக்காமல் தான் விட்டுக்கொடுக்கும்படி வேண்டுமென்றே மென்மையாகப் போடப்பட்டது, அது மூட்டில் பிரியவும் கூடும். அதனால் பியானோவுக்கு இன்று மதியம்தான் சுருதி கூட்டினார்கள். வாசிக்கும்போது மின்விசிறிகளை நிறுத்திவிடுவோம். தாள்கள் பறக்கின்றன, இரைச்சலும் தாங்காது. வியர்த்தால் கோபிக்காதீர்கள். லோட் ஷெடிங், அதாவது மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: இந்த இசை மின்சாரத்துக்கு முந்தியது. தாள்களைப் படிக்க நான்கு பேட்டரி விளக்குகள் தயாராக இருக்கின்றன.

கடைசியாகக் கைதட்டல். பகுதிகளுக்கு நடுவே தட்டாமல் இருப்பது இன்றைய வழக்கம். மொசார்ட் காலத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது, அதனால் தட்டுகிறவரை யாரும் முறைக்கவேண்டாம். ஆனால் டிரவுட்டின் ஐந்தாம் பகுதியில் ஒரு பொறி இருக்கிறது. பாதியில், எல்லாம் முடிந்துவிட்டதுபோல ஐவரும் பலமாக அடித்து நிறுத்துவார்கள். உலகம் முழுவதும் ரசிகர்கள் அங்கே ஏமாந்து தட்டியிருக்கிறார்கள். வில்கள் கீழே இறங்கிவிட்டனவா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். இடைவேளையில் பின்கட்டில் தேநீரும் வடையும் உண்டு; பொருளாளர் அங்கேதான் இருப்பார், மைக் பற்றிய புகார்களை அவரிடம் சொல்லலாம். மொசார்ட்டுக்கு நால்வர் வருகிறார்கள். டபுள் பாஸ்காரர் இரண்டாம் பாதியில் வருவார். யாராவது இந்த மைக்கை அணைத்துவிடுங்கள்.