ஊரை விடப் பெரிய ஸ்டேடியம்: ஆர்சி லான்ஸ் கிளப்பின் கதை

ஒரு ஊர். மக்கள்தொகை சுமார் 32,000. அந்த ஊரில் ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம், அதில் 38,223 இருக்கைகள். தொட்டில் குழந்தையிலிருந்து படுக்கையை விட்டு எழ முடியாத தாத்தா வரை மொத்த ஊரையும் கூட்டிவந்து உட்கார வைத்தாலும் ஆறாயிரம் சீட் மிச்சம் இருக்கும். ஆனால் மேட்ச் அன்றைக்குப் போய்ப் பாருங்கள், உட்கார இடம் கிடைக்காது!

இது எப்படி நடக்கிறது? இத்தனை பெரிய ஸ்டேடியத்தை இத்தனை சின்ன ஊரில் யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள், இப்போது அதை யார் நிரப்புகிறார்கள்? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு பாரிஸ் கிடையாது, எம்பாப்பே கிடையாது. வடக்கு பிரான்ஸில் இருக்கும் லான்ஸ் என்ற ஊரும், அதன் ஆர்சி லான்ஸ் கிளப்பும்தான்.

(திரையில்: வரைபடம், பாரிஸிலிருந்து வடக்கே அம்புக்குறி)

பாரிஸிலிருந்து நேர் வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் பா-து-காலே மாவட்டம். தட்டையான வயல்வெளி. அதற்கு நடுவே திடீரென்று கறுப்பாக, கூம்பு வடிவத்தில், மலை மாதிரி சில உயர்ந்து நிற்கும். அவை மலைகள் இல்லை. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சுரங்கத்திலிருந்து நிலக்கரியோடு சேர்ந்து வெளியே வந்த கல்லும் கழிவும் கொட்டிக் கொட்டிக் குவிந்த மேடுகள். லான்ஸுக்குப் பக்கத்தில் லூஸ்-ஆன்-கோயல் என்ற இடத்தில் இருக்கும் இரட்டை மேடுகளின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 180 மீட்டருக்கும் மேல். 2012-ல் யுனெஸ்கோ இந்தச் சுரங்கப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஸ்டேடியத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் முதலில் இந்த மேடுகளைத்தான் பார்க்க வேண்டும். கிளப்பும் நிலக்கரியோடு சேர்ந்துதான் வளர்ந்தது.

1906-ல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து கிளப்பைத் தொடங்கினார்கள். எல்லா கிளப்புக்கும் இருக்கும் தொடக்கக் கதைதான், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் அந்த வருஷத்தை மட்டும் மனதில் வையுங்கள். அதே 1906, மார்ச் 10-ஆம் தேதி, லான்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் கூரியேர் கம்பெனியின் சுரங்கங்களில் நிலக்கரித் தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவின் மிக மோசமான சுரங்க விபத்து அதுதான். இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. உள்ளே உயிரோடு யாரும் இல்லை என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்ட பிறகு, 20 நாள் கழித்து, 13 பேர் தாங்களாகவே இருட்டில் வழி தேடி நடந்து வெளியே வந்தார்கள். இருபது நாள்! அந்தப் பகுதி முழுக்க வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த வருஷத்தில் பிறந்த கிளப் இது.

அப்புறம் முதல் உலகப் போர். 1914-லிருந்து லான்ஸ் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தது. போர் முனையில் சிக்கிய ஊர் என்பதால் 1918-ல் போர் முடிந்தபோது ஊர் என்று சொல்ல அங்கே செங்கல் குவியல்தான் இருந்தது. சுரங்கங்களில் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு மூழ்கடித்திருந்தார்கள். கிளப்பின் சிவப்பு, மஞ்சள் நிறங்கள் வந்தது இதற்குப் பிறகு 1920-களில். இடிந்து கிடந்த தேவாலயத்தைப் பார்த்த கிளப் தலைவர் ஒருவருக்கு, 1648 வரை இந்த மண் ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது நினைவுக்கு வந்து, ஸ்பெயின் கொடியின் நிறங்களைத் தேர்ந்தெடுத்தார் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். ரசிகர்களுக்கு அது ரத்தமும் தங்கமும். கிளப்பின் செல்லப்பெயரே அதுதான்.

இனி வருவதுதான் இந்த வீடியோவை நான் செய்ததற்கே காரணம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போரில் பிரான்ஸ் தன் இளைஞர்களில் ஒரு தலைமுறையையே இழந்திருந்தது. சுரங்கங்களைத் திரும்பத் திறக்க வேண்டும், இறங்கி வெட்ட ஆள் இல்லை. அதனால் 1919-ல் பிரான்ஸ் அரசு போலந்தோடு ஒப்பந்தம் போட்டது. ரயில் ரயிலாகப் போலந்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். 1931 கணக்கெடுப்பின்போது பிரான்ஸ் முழுக்க 5 லட்சம் போலந்துக்காரர்கள், அதில் பெரும் பகுதி இந்த வடக்குச் சுரங்கப் பகுதியில். சொந்தப் பள்ளி, சொந்தப் பாதிரியார், சொந்தப் பத்திரிகை, சொந்த இசைக்குழு என்று தனி உலகமாக வாழ்ந்தார்கள். அவர்களையும் உள்ளூர்க்காரர்களையும் சேர்த்து வைத்த இடங்கள் ரொம்பக் குறைவு. ஒன்று, பூமிக்கடியில் சுரங்கம். இன்னொன்று, ஃபுட்பால் மைதானம்.

சுரங்கக் கம்பெனிக்கு இது நன்றாகவே தெரியும். அந்தக் காலத்தில் கம்பெனி வெறும் முதலாளி மட்டும் இல்லை. தொழிலாளி குடியிருக்கும் சிவப்புச் செங்கல் வீடு கம்பெனியுடையது. பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை போகும் தேவாலயம், காய்ச்சல் வந்தால் பார்க்கும் டாக்டர் எல்லாமே கம்பெனி ஏற்பாடு. வேலை போனால் வீடும் போகும். அப்படியிருக்க, ஓய்வு நேரத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? தொழிலாளி சங்கக் கூட்டத்துக்குப் போவதை விட ஸ்டேடியத்துக்குப் போவது கம்பெனிக்கு நல்லது. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலை குறைந்தபோது, அந்தத் தொழிலாளர்களையே வைத்துக் கம்பெனி ஒரு ஸ்டேடியம் கட்டியது. 1933-ல் திறந்தார்கள். பெயர், பெலிக்ஸ் பொலார். யார் அவர்? கோல் அடித்த வீரரா? கிடையாது, சுரங்கக் கம்பெனியின் பெரிய அதிகாரி. மறுவருஷம் கிளப் தொழில்முறை அணியாக மாறியது, பணம் கம்பெனியுடையது.

ஆக, ஸ்டேடியம் ஏன் இவ்வளவு பெரிது என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. இந்த கிளப் லான்ஸ் என்ற 32,000 பேர் ஊருக்காக உருவாகவில்லை. சுற்றியிருக்கும் லியேவன், அவியோன், சலோமின் என்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும் சுரங்க ஊர்கள் அத்தனைக்கும் இது ஒரே கிளப். அந்தச் சுரங்கப் பகுதியின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல். சிவப்புச் செங்கல் வீடுகள் எதுவரை இருக்கின்றனவோ, அதுவரை லான்ஸின் எல்லை.

மைதானத்தில் யார் ஆடினார்கள் தெரியுமா? அதே போலந்துக் குடும்பத்துப் பையன்கள். மரியான் விஸ்னியெவ்ஸ்கி 1955-ல் 18 வயதிலேயே பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடினார், 1958 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியிலும் இருந்தார். அவர் லான்ஸ் வீரர். அந்த 1958 பிரான்ஸ் அணியின் நாயகன் ரேமோன் கோப்பா பிறந்தது லான்ஸுக்கு மிக அருகே நோ-லே-மீன் என்ற சுரங்க ஊரில். அவரும் போலந்து வம்சம், இளவயதில் சுரங்கத்தில் வேலை செய்து இடது கை விரல் ஒன்றின் ஒரு பகுதியை இழந்தவர். 1958-ல், வருஷத்தின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் பலோன் தோர் விருது வாங்கினார். இத்தனைக்கும் அவர் லான்ஸுக்கு ஆடவே இல்லை! வீட்டு வாசலில் இருந்த வைரத்தை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

இதுவரை வீடியோ பிடித்திருந்தால் ஒரு லைக் போடுங்கள், சேனலை சப்ஸ்கிரைப் செய்யுங்கள். ஏனென்றால் கதையில் உண்மையான திருப்பம் இப்போதுதான் வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுரங்கங்களை அரசு தேசியமயமாக்கியது. கிளப்பின் செலவு அரசு நிலக்கரி நிறுவனத்தின் கைக்குப் போனது. 1960-களில் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, நிலக்கரிக்கு மதிப்பு இறங்கியது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நஷ்டத்தில் ஓடும் நிறுவனம் முதலில் எதை வெட்டும்? 1969-ல் கிளப்பைக் கைவிட்டுவிட்டார்கள். முதல் டிவிஷனில் இருந்து ஏற்கெனவே விழுந்திருந்த லான்ஸ், தொழில்முறை அந்தஸ்தையும் இழந்து அமெச்சூர் அணியானது. ஒரு கம்பெனி கிளப்பின் கதை வழக்கமாக இங்கேதான் முடியும்.

முடியவில்லை. லான்ஸ் மேயர் ஆந்த்ரே டெலெலிஸ் இதைக் கையில் எடுத்தார். நகராட்சி கிளப்புக்குத் துணை நின்றது, ஸ்டேடியத்தை நிலக்கரி நிறுவனத்திடமிருந்து ஒரு பிராங்க் என்ற பெயரளவு விலைக்கு வாங்கியது. 1973-ல் அணி முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. 1974 டிசம்பர் 27-ல் பக்கத்து லியேவன் சுரங்கத்தில் வெடிவிபத்து, 42 பேர் சாவு. ஆறு மாதம் கழித்து 1975 ஜூனில் லான்ஸ் பிரெஞ்சுக் கோப்பை இறுதிப்போட்டியில் நின்றது. சென்ட் எத்தியெனிடம் 2-0 தோல்விதான், ஆனால் அந்த வருஷம் அந்த மக்களுக்கு அந்த மேட்ச் என்னவாக இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1977-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யுஇஎஃப்ஏ கோப்பையில் ரோமில் லாசியோவிடம் 2-0 தோற்றுவிட்டு, சொந்த மண்ணில் கூடுதல் நேரத்தில் 6-0 என்று நொறுக்கினார்கள். ஆறு-பூஜ்யம், இத்தாலிய அணியை!

என்னைக் கேட்டால் இந்த கிளப்பின் மிகப்பெரிய வெற்றி 1998 சாம்பியன் பட்டம் இல்லை. பணம் கொடுத்தவன் எழுந்து போன பிறகும் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகவில்லையே, 1969-க்கும் 1973-க்கும் நடுவில் நடந்த அதுதான். ஸ்டேடியத்தின் இன்றைய பெயர் பொலார்-டெலெலிஸ். மேயர் 2012-ல் இறந்த பிறகு அவர் பெயரையும் சேர்த்தார்கள். ஸ்டேடியத்தைக் கட்டிய கம்பெனிக்காரர் பெயரும், கம்பெனி போனதும் அதைக் காப்பாற்றியவர் பெயரும் ஒரே பலகையில்.

சரி, 1998-ஐயும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் திட்டுவீர்கள். கடைசி நாள், மே 9, ஓஸேரில் மேட்ச். லான்ஸ் பின்தங்கியது, யோவான் லாஷோர் சமன் செய்தார், 1-1. பட்டத்துக்குப் போட்டியிட்ட மெட்ஸ் அணிக்கும் அதே 68 புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் லான்ஸ் சாம்பியன். கிளப் வரலாற்றில் ஒரே லீக் பட்டம். அந்த அணியில் ஏரிக் சிகோரா என்ற டிஃபெண்டர் இருந்தார். பிறந்தது கூரியேரில், பெயர் போலந்துப் பெயர், ஆடிய காலம் முழுக்க லான்ஸ் தவிர வேறு சட்டை போடாதவர். இந்த வீடியோவை ஒரே ஆளுக்குள் அடக்க வேண்டுமென்றால் அவர்தான். அதே அணியில் கேமரூனின் மார்க்-விவியன் ஃபோவும் இருந்தார், 2003-ல் மைதானத்திலேயே மயங்கி விழுந்து இறந்தவர். அதே 1998 நவம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் வெம்ப்ளி மைதானத்தில் ஆர்சனலை 1-0 என்று வென்றார்கள்.

1990-ல் அந்த வடக்குப் பகுதியின் கடைசிச் சுரங்கமும் மூடியாகிவிட்டது, அதையும் கவனியுங்கள். அதாவது பட்டம் வென்றபோது அங்கே நிலக்கரியே கிடையாது, வேலையில்லாத் திண்டாட்டம்தான் இருந்தது. 2008-ல் லான்ஸோடு ஆடிய லீக் கோப்பை இறுதிப்போட்டியில், பாரிஸின் பெரிய கிளப்பான பிஎஸ்ஜியின் ரசிகர்களில் ஒரு கூட்டம் வடக்கத்தியர்களை வேலையற்றவர்கள் என்றும் அதைவிடக் கேவலமாகவும் திட்டி ராட்சத பேனர் பிடித்தது. அதைப் படிக்கும்போதே கோபம் வருகிறது. வேலை போனது அவர்கள் குற்றமா?

அதற்கடுத்த வருஷங்கள் மோசம். 2008, 2011, 2015 என்று மூன்று முறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 2013-ல் வந்த அசர்பைஜான் முதலாளியின் பணம் பாதியில் நின்றது, 2014-15 சீசனில் ஸ்டேடியப் புதுப்பிப்பு காரணமாக அமியேனில் போய் ஆட வேண்டியிருந்தது. இரண்டாம் டிவிஷனில் இருந்தபோதும் பல்லாயிரம் பேர் வந்தார்கள். 2020-ல் மேலே ஏறினார்கள். 2022-23-ல் ஃபிராங்க் ஏஸ் பயிற்சியில் 84 புள்ளிகள். பிஎஸ்ஜிக்கு 85. ஒரே ஒரு புள்ளி! மெஸ்ஸி, நெய்மர், எம்பாப்பே மூவரும் இருந்த பிஎஸ்ஜிக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. அந்த சீசனில் பொலாரில் பிஎஸ்ஜியை 3-1 என்று அடித்தார்கள். அடுத்த அக்டோபரில் சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்சனல் வந்தது, 2-1 என்று தோற்றுத் திரும்பியது.

அடுத்த முறை லான்ஸ் மேட்ச் டிவியில் வந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களில் பாட்டுப் பாடி அதிர வைக்கும் ரசிகர் கூட்டம் கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கும். இங்கே அவர்கள் மைதானத்தின் நீளவாக்கில், மாரெக் என்ற ஸ்டாண்டில் நிற்கிறார்கள், அதனால் பந்து எங்கே போனாலும் சத்தம் கூடவே ஓடும். இரண்டாவது, இடைவேளைக்குப் போய்விடாதீர்கள். இரண்டாம் பாதி தொடங்கும் நேரத்தில், பியேர் பஷ்லே 1982-ல் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றிப் பாடிய பாட்டை மொத்த ஸ்டேடியமும் கழுத்துத் துண்டைத் தூக்கிப் பிடித்துப் பாடும். பாடுகிறவர்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே சுரங்கம் மூடிவிட்டது. ஆனாலும் ஒரு வரி விடாமல் பாடுவார்கள். அந்த வீடியோ லிங்கை கீழே போடுகிறேன், ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.