அது மறுபடி கத்தும் வரை

வணக்கம் நேயர்களே. மழை ராத்திரியில் வீட்டுப் பின்பக்கம் தவளை கத்துவதை எல்லாரும் கேட்டிருப்போம். டார்ச்சோடு வெளியே வந்தால் சட்டென்று நிறுத்திவிடும், இல்லையா? மரத்தவளையைப் படம் எடுக்கப் போகிறவருக்கு வேலையே அந்த நிசப்தத்தில்தான் ஆரம்பம். விளக்கை அணைக்க வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும். பத்து நிமிஷமோ அரை மணியோ, அது மறுபடி கத்தும் வரை.

நான் போவது வால்பாறைப் பக்கம், தென்மேற்குப் பருவமழையில். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது, போகவும் தேவையில்லை. எஸ்டேட் ஓரத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளமும் அதன்மேல் சாய்ந்த நாலு கிளையும் போதும். (யானை நடமாடும் ஊர், அதனால் தனியாகப் போகாதீர்கள்.)

அங்கே ஆனைமலைப் பறக்கும் தவளை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். பச்சை முதுகில் பேனாவால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடுகள், விரல்களுக்கு நடுவே ஆரஞ்சுச் சவ்வு. அந்தச் சவ்வை விரித்துத்தான் மேலிருந்து சறுக்கி இறங்கும். பகலில் கைகால்களை மடக்கி இலையோடு ஒட்டிக்கொண்டால் ஆரஞ்சு துளிகூட வெளியே தெரியாது, ஒரு முழம் தள்ளி நின்றாலும் இலை என்றே நினைப்பீர்கள்.

இதன் கூடு இன்னும் அழகு. ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்போமே, அது மாதிரி பெண் தவளை தன் உடம்பிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். கூடு தொங்குவது தண்ணீருக்கு நேர் மேலே. சில நாளில் நுரை இளகும், தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும்.

நேர் மேலே என்றேன், அதை மறுபடியும் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு கூடு கிடைத்தது. கோணம் சரியாக வரவில்லை என்று கிளையை இழுத்துப் பக்கத்துச் செடியோடு கயிற்றால் கட்டிவிட்டுப் படம் எடுத்தேன். நல்ல மழை, அவசரமாகக் கிளம்பியதில் கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டேன். நாலாம் நாள் போனால் நுரை கரைந்திருந்தது, தண்ணீர் இரண்டடி தள்ளி, கீழே சேற்றில் கடுகு மாதிரி தலைப்பிரட்டைகள். சிலது துடித்துக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் தண்ணீரோடு அள்ளி அள்ளிப் பள்ளத்தில் விட்டேன், எத்தனை பிழைத்ததோ. அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

அதிலிருந்து எதையும் தொடுவதில்லை. கிளையைத் தொடுவதில்லை, தவளையை எடுத்து அழகான இலையில் வைப்பதும் இல்லை. தவளை தண்ணீரைத் தோல் வழியாகத்தான் குடிக்கிறது, மூச்சும் ஓரளவு அதே வழிதான். நம் கையில் கொசு மருந்தோ சானிடைசரோ இருந்தால் அதுவும் உள்ளே போகும். உலகெங்கும் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பூட்ஸில் ஒட்டி இடம் மாறக்கூடியது. அதனால் ஓடை மாறும்போது பூட்ஸைக் கழுவிக் காயவைத்துவிட்டுப் போங்கள்.

கேமரா பற்றிக் கடைசியில் விரிவாகப் பேச நினைத்தேன், ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று சைகை காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்கிறேன். சின்னதைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. பிளாஷ் மேல் வெள்ளைத் துணி கட்டுங்கள், இல்லையென்றால் ஈரத்தோல் கண்ணாடி மாதிரி பளிச்சிடும். ஃபோகஸ் கண்ணில். நாலைந்து படம் போதும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, அது மறுபடி கத்தும் வரை நின்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வணக்கம்.