நிம்மதிக்குக் காரணம் மரமா, பணமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மன அழுத்தம் குறைவு என்கிறீர்கள். அந்த மாதிரி இடத்தில் வீடு வாங்குகிறவர் வசதியானவராகத்தானே இருப்பார்? அவருடைய நிம்மதிக்குக் காரணம் மரமா, பணமா? எங்கள் பக்கம் பூங்காவே இல்லை, நாங்கள் என்ன செய்வது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களையே படுத்திய சந்தேகம்தான். 2019-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் பதில்களை அலசினார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று போய் வந்தவர்கள் தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். சரி, இதையே திருப்பியும் போடலாமே? மனசு நன்றாக இருக்கிறவர்தான் வெளியே கிளம்புகிறார் என்று. கேள்வித்தாளை மட்டும் வைத்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

அதை அவிழ்த்துக் காட்டியது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த சோதனை. முடிவு 2018-இல் வெளியானது. குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, தரையைச் சமன்செய்து, புல் வளர்த்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். இன்னொன்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதைத் தொடவே இல்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களை முன்னும் பின்னும் விசாரித்தார்கள். யாரும் வீடு மாறிப் போய்ப் பச்சையைத் தேடவில்லை, பச்சைதான் அவர்கள் தெருவுக்கு வந்தது. புல்லும் மரமும் வந்த இடங்களில், மனம் சோர்ந்திருப்பதாகச் சொன்னவர்கள் தொடாத இடங்களோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்தார்கள். ஏழைக் குடும்பங்கள் அதிகமுள்ள பகுதிகளில் பலன் இன்னும் கூடுதல். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கடைசி விஷயம்தான். சுத்தம் மட்டும் போதவில்லை, பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது அவர்களே சொன்ன மனநிலை, மருத்துவர் கண்டறிந்த நோய் இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

எப்படி வேலை செய்கிறது? சாலையில் நடக்கும்போது ஹாரன், வண்டி, சிக்னல் என்று கவனத்தை இழுத்துப் பிடித்தே வைத்திருக்கிறோம். இலை அசைவதைப் பார்க்க அந்தப் பிரயாசை வேண்டாம், களைத்த கவனம் கொஞ்சம் ஓய்வெடுக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு ஒரே கவலையை மனதுக்குள் அரைத்துக்கொண்டிருப்பது குறைந்தது. பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் விளக்கில்லாத, பயந்து பயந்து நுழைய வேண்டிய பூங்கா என்றால் இதெல்லாம் நடக்காது.

அப்புறம், பூங்காவே இல்லையே என்றீர்கள். ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளைப் புரட்டி, 1984-இல் முடிவை வெளியிட்டார். பித்தப்பை அறுவைசிகிச்சை முடிந்த 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அறையை அவர்கள் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, காலியாக இருந்த கட்டில் கிடைத்தது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் எந்த ஜன்னலிலாவது ஒரு மரம் தெரிகிறதா? தெரிந்தால் நீங்கள் தினமும் உட்காரும் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போடுங்கள். தெரியாவிட்டால், வேலைக்குப் போகும்போது மரமுள்ள தெரு வழியாகப் போக முடியுமா என்று பாருங்கள், ஐந்து நிமிடம் கூடுதலானாலும் பரவாயில்லை.