கொழுந்து வாடுவதும் நீர் கொதிப்பதும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். சடப்பொருளின் மூன்று நிலைகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். திண்மத்தில் துணிக்கைகள் நெருங்கி அடுக்கப்பட்டுத் தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன, திரவத்தில் ஒன்றையொன்று உராய்ந்தபடி இடம் மாறுகின்றன, வாயுவில் விலகித் திரிகின்றன என்பதை நம் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்லுவார்கள். அதில் பிழையில்லை. ஆயினும் ஒரே வெப்பநிலையில் உள்ள துணிக்கைகள் யாவும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை என்பதை இம்மூன்று நிலைகளுக்கும் பாடநூலில் வரையப்படும் படங்கள் காட்டுவதில்லை. வாயுத் துணிக்கைகளின் வேகங்கள் எவ்வாறு பரம்பியிருக்கும் என்பதைப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1860ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். வெப்பமானி நமக்குச் சொல்வது அந்த இயக்கத்தின் சராசரியை மட்டுமே. மலையகத்தில் அன்றாடம் நடப்பவற்றை விளங்கிக்கொள்ள அந்த மூன்று படங்களையும்விட இந்த ஒரு செய்தியே கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பறித்து வந்த கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். விசிறியின் காற்று இலைகளின் ஊடாகச் செல்லச் செல்ல, எங்கும் கொதிக்காமலே அந்த நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. அயலில் உள்ள துணிக்கைகளின் கவர்ச்சியை மீறத்தக்க வேகமுடையவை மட்டுமே திரவத்தை விட்டு வெளியேறுகின்றன. வேகமானவை போய்விட, எஞ்சியவற்றின் சராசரி குறைகிறது; அதனால் இலையும் குளிர்கிறது, அதைத் தழுவிச் செல்லும் காற்றும் குளிர்கிறது. மழைமூட்டமான நாட்களிலோ காற்றில் ஏற்கனவே நீராவி நிறைந்திருப்பதால், வெளியேறும் துணிக்கைகளுக்குக் கிட்டத்தட்ட ஈடாக மற்றவை இலைக்குத் திரும்புகின்றன, வாட்டமும் இழுபடுகிறது. குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானிக்கும் துணி சுற்றாத உலர்குமிழ் வெப்பமானிக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்துச் சூடான காற்றைக் கலக்கும் தொழிற்சாலை ஊழியர், துணிக்கை என்ற சொல்லையே உச்சரிக்காமல் இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் கணக்கிடுகிறார்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விழும் துகள் உறைபனி இதற்கு எதிர்த்திசையில் நிகழ்வது. மேகமற்ற இரவில் தரையும் இலைகளும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சற்று உயரத்தில் உள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றின் மேல் மோதும் நீராவித் துணிக்கைகள் திரவமாகாமலே திண்மமாகப் படிந்துவிடக்கூடும். இங்கே பாடநூற் படம் இன்னொரு வகையிலும் இடறுகிறது. பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்க, நீரின் துணிக்கைகள் இடையில் வெற்றிடம் விட்டு ஒழுங்கமைவதால் பனிக்கட்டி ஏறத்தாழ 9 சதவீதம் பருமனில் கூடுகிறது. இலைக்குள்ளே உருவாகும் பனிப்பளிங்குகள் கலங்களைச் சிதைத்துவிடுவதால்தான் உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைத் தளிரும் வெயில் ஏறியதும் கருகிப்போகின்றன.

கொதித்தல் என்பது ஆவியாதலின் இன்னொரு கட்டம். நீரின் உள்ளே தோன்றும் ஆவிக்குமிழி நசுங்காமல் நிலைக்க வேண்டுமானால், அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்கு ஈடாக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கொழும்பில் உள்ளதின் ஐந்தில் நான்கு பங்கு அளவே. ஆகவே அங்கே நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையின் வெப்பநிலை ஏறாது, ஆவிதான் கூடுதலாகப் போகும். பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். ஆய்வுகூடத்தில் வெப்பமானி 94 காட்டும்போது, பாடநூலுக்கு இசைவாக 100 என்று எழுதிவைக்கும் மாணவர்களும் உண்டு. ஆசிரியர்கள் அந்த 94ஐயே எழுதச் சொல்லி, அது ஏன் என்று அங்கேயே கேட்கலாம்.