ஹாமரை உயர்த்தியது ஆட்டமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'எம்.சி. ஹாமரின் புகழுக்குப் பெரிதும் காரணம் பாட்டா, ஆட்டமா?' என்பது இன்றைய தலைப்பு. ஹாமர் ஆடிக்கொண்டே பாடிப் புகழ்பெற்ற அமெரிக்க ராப் பாடகர். ஆட்டமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று வாதங்களை வைத்தார். பாடகர் ரிக் ஜேம்ஸின் பேஸ் கிட்டார் மெட்டு இல்லாவிட்டால் ஹாமரின் 'யூ கான்ட் டச் திஸ்' பாட்டே இல்லை என்றார். மெதுவாகப் போகும் 'ஹாவ் யூ சீன் ஹர்' பாட்டு ஆட்டத்தை நம்பாமலே அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 4ஆம் இடம் பிடித்ததே என்றார். ஆட்டக்காரர் பட்டாளத்துக்குச் சம்பளம் கொடுத்துத்தான் மனிதர் திவாலானார் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம்.

ஹாமரின் இயற்பெயர் ஸ்டான்லி கர்க் பரெல், 1962இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். 11 வயதில் ஓக்லாந்து ஏ'ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு காலையும் தரையோடு விரித்து உட்கார்ந்து எழும் அந்தப் பையனைப் பார்த்துத்தான் அணி உரிமையாளர் சார்லி ஃபின்லி மட்டை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். 'ஹாமர்' என்று அழைக்கப்பட்ட பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரனின் முகச்சாயல் இருந்ததால் பையனுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நடுவர் அவர்களே, இந்த மனிதர் ராப் வரி ஒன்று எழுதுவதற்குப் பல ஆண்டு முன்பே ஆட்டம் அவருக்கு வேலையும் வாங்கித் தந்தது, பெயரும் வாங்கித் தந்தது.

பிறகு கடற்படையில் மூன்று ஆண்டு. திரும்பி வந்து இசைத்தட்டு நிறுவனம் தொடங்க, ஏ'ஸ் வீரர்கள் மைக் டேவிஸும் டுவைன் மர்ஃபியும் ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். தட்டுகளைக் காரின் டிக்கியில் வைத்து விற்றார். 1988இல் கேபிட்டல் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் சேர்த்துக்கொண்டது. 'லெட்ஸ் கெட் இட் ஸ்டார்ட்டட்' ஆல்பம் வெளியானது, 20 லட்சத்துக்கு மேல் விற்றது.

இப்போது முதல் வாதத்துக்கு வருகிறேன். பேஸ் மெட்டு ரிக் ஜேம்ஸுடையதுதான், மறுக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார். பாட்டெழுதியவர் வரிசையில் அவர் பெயரும் சேர்ந்தது. 1991இல் சிறந்த ஆர் அண்டு பி (ரிதம் அண்டு ப்ளூஸ்) பாடலுக்கான கிராமி இசை விருதிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. சரி. அதே மெட்டு 1981இல் 'சூப்பர் ஃப்ரீக்' என்று வந்தபோது எல்லா வகைப் பாட்டுக்குமான பொதுப்பட்டியலில் 16ஆம் இடத்தோடு நின்றதே, ஏன்? ரிக் ஜேம்ஸ் ஹாமரைவிடப் பல மடங்கு தேர்ந்த பாடகர். மெட்டு மட்டும் தூக்கிவிடும் என்றால் அப்போதே தூக்கியிருக்க வேண்டும்.

'ஹாமருடையதும் 8ஆம் இடத்தைத் தாண்டவில்லையே' என்று எதிரணி எழுந்து கேட்கலாம். அது கடைக்கணக்கு. அமெரிக்காவில் அந்தப் பாட்டைத் தனிப்பாடலாக 12 அங்குலத் தட்டில்தான் விற்றார்கள். கேசட்டில் கேட்க விரும்பியவர்கள் முழு ஆல்பத்தையே வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார்கள்! 1990இல் வந்த 'ப்ளீஸ் ஹாமர் டோன்ட் ஹர்ட் எம்' ஆல்பம் பட்டியலின் உச்சியில் மொத்தம் 21 வாரம் இருந்தது. அமெரிக்காவில் 1 கோடிப் பிரதி என்ற டயமண்ட் சான்று பெற்ற முதல் ராப் ஆல்பமும் அதுதான். சுற்றுப்பயணப் பேருந்தில் கருவிகளை அடுக்கி ஒலிப்பதிவு செய்த ஆல்பம் அது என்பதையும் மறந்துவிட வேண்டாம். பெரிய ஸ்டுடியோவின் பளபளப்பு அதில் கிடையாது.

அந்தப் பாட்டின் கட்டுமானத்தைப் பாருங்கள். நிமிடத்துக்குச் சுமார் 133 தாளத்தட்டு. நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று 1.8 விநாடியில் முடிந்துவிடும். இந்த வேகத்தில் ஆடிக்கொண்டே நெருக்கமாகச் சொல் அடுக்கினால் மூச்சு வாங்கும், வரியின் கடைசிச் சொல் விழுந்துவிடும். மேடை ராப்பில் அடிக்கடி நடக்கும் விபத்து இது. ஹாமர் என்ன செய்தார்? வரிகளைக் குட்டையாக வைத்தார். வரிக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி விட்டார். அதைப் பின்குரல்களும் பேஸ் மெட்டும் நிரப்பின. நடுவில் இசையைச் சட்டென்று நிறுத்தி 'ஹாமர் டைம்' என்று அறிவித்துவிட்டு, அடுத்து வரும் பகுதியை ஆட்டத்துக்கென்றே திறந்து விட்டார். கால் எங்கே நகரும், மூச்சு எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அதற்குள் சொல்லைப் பொருத்தியிருக்கிறார். வெறும் காகிதத்தில் படித்தால் அந்த வரிகள் சாதாரணமாகத் தெரிவது இதனால்தான். எல்.எல். கூல் ஜே போன்ற சக ராப் கலைஞர்கள் அவரைச் சீண்டினார்கள். பாட்டில் சரக்கில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையானால், 1 கோடிப் பேரை இழுத்தது வேறு எது?

அந்தக் கால்சட்டையைச் சொல்லாமல் போக முடியாது. இடுப்பிலும் கணுக்காலிலும் இறுக்கம், நடுவில் துணி தாராளம், கவட்டுத் தையல் முழங்கால் அருகே இறங்கியிருக்கும். பலர் அதை வேடிக்கை உடுப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆட்டக்காரனின் கருவி. கால் ஓர் அசைவை முடித்த பிறகும் துணி ஒரு கணம் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் 20,000 பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசைக்கும் அசைவு பெரிதாகத் தெரியும். இறுக்கமான கால்சட்டை போட்டு அந்த அகலத்துக்குக் காலை விரித்தால் உள்தொடைத் தையல் பிரிந்துவிடும். கனத்த துணியில் தைத்தால் அது காலோடு ஒட்டிக்கொண்டு தாளத்துக்குப் பின்தங்கும். கணுக்காலில் சுருக்கிப் பிடிக்காவிட்டால் குதிகால் துணியை மிதித்து ஆள் விழுவார். ஆகவே லேசான, பளபளக்கும் துணி.

அவருடைய பக்கவாட்டு நகர்வையும் சொல்கிறேன். காலை அகல வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, மேலுடம்பை நிமிர்த்திக்கொண்டு, சின்னச் சின்ன எட்டுகளில் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழுக்கிப் போக வேண்டும். தலை ஒரே மட்டத்தில் நிற்பதுதான் சூட்சுமம். தொடை களைத்து இடுப்பு எழும்பினால் தலை துள்ளும். துள்ளினால் வழுக்கும் தோற்றம் கலைந்து வெறும் ஓட்டமாகிவிடும். இதைச் செய்துகொண்டே மைக்கில் வரி தவறாமல் சொன்னவர் ஹாமர். 1990இல் எம்டிவி இசைத் தொலைக்காட்சி 'யூ கான்ட் டச் திஸ்' பாட்டின் வீடியோவுக்குச் சிறந்த ராப், சிறந்த நடனம் என இரண்டு விருதையும் கொடுத்தது.

இரண்டாவது வாதம். 'ஹாவ் யூ சீன் ஹர்' 4ஆம் இடம் பிடித்தது உண்மை. ஆனால் அது சை-லைட்ஸ் குழு 1971லேயே 3ஆம் இடம் வரை கொண்டுபோன பாட்டு. ஏற்கெனவே ஊரறிந்த பாட்டை, ஆட்டத்தால் கூடிய கூட்டத்தின் முன் வைத்தார், வாங்கினார்கள். பிரின்ஸின் இசைத்துண்டை வைத்துக் கட்டிய 'ப்ரே' 2ஆம் இடம் வரை போனது; அது துள்ளலான பாட்டு, அதை நான் என் கணக்கில்தான் எழுதுவேன்.

1991இல் 'டூ லெஜிட் டு க்விட்' பாட்டு வந்தது. இரண்டு விரலை உயர்த்துவது, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் விரித்து எல் எழுத்துக் காட்டுவது, கழுத்துக்கு முன் கையை வீசுவது என்று அதன் கை முத்திரையைக் குழந்தைகளும் செய்தார்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி அந்தப் பருவம் முழுக்க அந்தப் பாட்டைத் தன் பாட்டாகவே எடுத்துக்கொண்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய சான்று. 1994இல் 'தி ஃபங்கி ஹெட்ஹன்டர்' ஆல்பத்தில் கொண்டாட்ட ஹாமர் ஒதுங்கி, முரட்டு ராப் பாடகராக வந்து நின்றார். எதிரணி சொல்லும் 'சரக்கு' அதில் கூடுதலாகவே இருந்தது. கிடைத்தது 5 லட்சத்துக்கான கோல்டு சான்று. 1 கோடி எங்கே, 5 லட்சம் எங்கே?

மூன்றாவது, திவால். 1996இல் 1.3 கோடி டாலருக்கு மேல் கடன் என்று நீதிமன்றம் போனார். பெரிய ஆள்படை ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரீமான்ட் நகரில் கட்டிய மாளிகை, வழக்குகள், பந்தயக் குதிரைகள் என்று மற்றவையும் உண்டு. (1992 கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் 3ஆவதாக வந்த அவர் குதிரைக்குக்கூட 'டான்ஸ் ஃப்ளோர்' என்றுதான் பெயர்!) ஆனால் நடுவர் அவர்களே, இன்றைய கேள்வி அவரை எது உயர்த்தியது என்பது. கணக்குப்பிள்ளை சரியில்லாததற்கு ஆட்டத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

2012 நவம்பரில் அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் மேடையில் கொரியப் பாடகர் சை 'கங்னம் ஸ்டைல்' பாடியபோது, நடுவே ஹாமர் வந்து சேர்ந்தார். கொரிய மொழிப் பாட்டும் 'டூ லெஜிட் டு க்விட்'டும் ஒன்றாகக் கலந்தன. மொழி வேறு, மெட்டு வேறு, நடுவில் 21 ஆண்டு இடைவெளி. இருவரையும் ஒரே மேடையில் பொருத்தியது காலசைவு. இதையும் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். நன்றி.