மரபை வாழவைத்தது அரங்கமா, தெருவா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சென்னையின் கர்நாடக இசை மரபை வாழவைத்தவை அரங்குகளா, தெருக்களா என்பது இன்றைய கேள்வி. தெருக்களும் அவற்றின் வீடுகளுமே என்று வாதிட, கோட்டைக்கு வடக்கே உள்ள பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுன் ஒன்றையே சான்றாகக் கொண்டு வந்திருக்கிறேன்.

சென்னையின் இசை அமைப்பான மியூசிக் அகாடமியைச் சுட்டிக்காட்டி, அரங்கம் இல்லையேல் மரபு இல்லை என்றார் எதிரணித் தலைவர். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது நடந்த இசை மாநாட்டில் கருக்கொண்ட அந்த அமைப்பு, 1928 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனின் வாசலான எஸ்பிளனேடில், ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் சொந்த அரங்கம் திறக்கப்பட்டது 1962இல்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொந்தக் கூரையின்றியே அது புகழ்பெற்றது என்றால், அந்தப் புகழுக்குக் கட்டடம் காரணமாக முடியாது.

கச்சேரிகளை நடத்தும் சபாக்கள் தோன்றுவதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் இசை குடியிருந்தது. கோவூர் சுந்தரேச முதலியாரின் அழைப்பை ஏற்றுத் தியாகராஜர் வந்து தங்கியது பந்தர் தெருவில் இருந்த முதலியாரின் வீட்டில். கோவூர் பஞ்சரத்தினம் என்னும் ஐந்து கீர்த்தனைகள் அந்த நட்பின் பயன். தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் வாழ்ந்தது ஜார்ஜ் டவுனைச் சேர்ந்த முத்தியால்பேட்டையில். பேகடா ராகத்தில் அவர் இயற்றிய வர்ணம் என்னும் பயிற்சிப் பாடலை இன்றும் மாணவர்கள் பாடம் செய்கிறார்கள்.

வீணை தனம்மாளின் வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தம் ஜார்ஜ் டவுன் வீட்டில் வீணை வாசிப்பார். நகரின் தேர்ந்த வித்துவான்களே அங்கு வந்து, பேச்சு மூச்சின்றி அமர்ந்து கேட்பார்கள். மீட்டுகோல் அணியாமல் விரலாலேயே மீட்டிய அந்த மெல்லிய நாதத்தைக் கேட்க அவ்வளவு அமைதி தேவைப்பட்டது. வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடம் அவர் கற்ற க்ஷேத்ரக்ஞர் பதங்கள் என்னும் தெலுங்குக் காதல் பாடல்கள், அவருடைய மகள்கள் வழியாகப் பேத்திகளான பிருந்தாவையும் முக்தாவையும் பாலசரஸ்வதியையும் சென்றடைந்தன. பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் தன் உயரிய விருதான சங்கீத கலாநிதியை வழங்கியது அகாடமி. ஆனால் அந்த விருதுக்குரிய வித்தை ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து வந்தது.

அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் நுழைய முடிந்தது என்று எதிரணியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, நுழைவுச்சீட்டு வாங்கிய எவருக்கும் கதவைத் திறந்தது அரங்கமே என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். கேட்போரைப் பெருக்கியது அரங்கம். ஆனால் பாடாந்தரத்தை, அதாவது குருவழி வந்த பாட்டு முறையை, பிழையின்றிக் கைமாற்றியதும், நல்ல பாட்டு எது என்று கண்டிப்புடன் தீர்ப்புச் சொல்லும் காதுகளை வளர்த்ததும் வீடும் தெருவும்தாம்.

கடைசியாக, ஜார்ஜ் டவுன் அரண்மனைக்காரத் தெருவின் கோகலே மண்டபம். அன்னி பெசன்ட் அம்மையார் 1914இல் நிறுவிய இளைஞர் சங்கத்துக்கு உரியது. அரசியல் கூட்டங்களும் பெரும் வித்துவான்களின் கச்சேரிகளும் நடந்த இடம். வக்கீல்களும் செல்வர்களும் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் குடிபெயர்ந்தார்கள். ஜார்ஜ் டவுன் தெருக்கள் மொத்த வியாபாரத்துக்கே உரியவையாயின. ரசிகர்கள் போன திசையிலேயே கச்சேரிகளும் போய்விட்டன. மரபை வாழவைப்பது அரங்கமே என்றால், மண்டபம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் இசை மட்டும் ஏன் தெற்கே நடந்தது? நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்கு விடை கூறட்டும்.