புல்லட் வாங்கலாமா? திண்டுக்கல் தம்பியோட கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன தடவை செயினுக்கு எண்ணெய் விடறதைப் பத்திப் பேசினதுக்கு நிறைய சந்தேகம் வந்திருக்கு. எல்லாத்துக்கும் வர்றேன். ஆனா நடுவுல ஒரு கேள்வி வந்துச்சு பாருங்க, அது கொஞ்ச நாளா மண்டைக்குள்ளயே சுத்திட்டிருக்கு. அதை முதல்ல முடிச்சிடுவோம்.

திண்டுக்கல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்படியே படிக்கிறேன். "ஐயா, எனக்கு 36 வயசு. காலேஜ் படிக்கிறப்ப இருந்து புல்லட் ஆசை. கையில ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவா இருக்கு, மீதிக்கு லோன் போடணும். மனைவி, ரெண்டு பொண்ணு, பெரியவ நாலாவது, சின்னவ யு.கே.ஜி. அம்மாவும் எங்க கூடத்தான். அம்மாவோட தம்பி பல வருஷத்துக்கு முன்னாடி பைக்ல போய் அடிபட்டு இறந்துட்டார். பைக் பேச்சை எடுத்தாலே அம்மா அழறாங்க. மனைவி 'உங்க இஷ்டம்'னு சொல்லிட்டாங்க. ஸ்கூட்டர் ஒண்ணு இருக்கு, ஆபீசுக்கு நான் அதுலதான் போறேன். வாங்கலாமா, வேணாமா?"

இதுல 'உங்க இஷ்டம்'னு ஒண்ணு வருது பாருங்க. கல்யாணம் ஆனவங்க சிரிப்பீங்க. தம்பி, அது சம்மதம் இல்ல.

நம்ம சேனலை வழக்கமா பார்க்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். பத்திப் பேசினப்பவும் சொன்னேன், டயர் பத்திப் பேசினப்பவும் சொன்னேன், பட்டறை வச்சிருந்த காலத்துல வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதும் அதுதான். வண்டியைப் பின் சீட்டுல உட்கார்ந்து பாருங்க. ஷோரூமுக்குப் போறவன் என்ன பண்றான்? முன்னாடி ஏறி உட்கார்றான், ஹேண்டில் பாரைப் பிடிக்கிறான், கண்ணாடியில மீசையைப் பார்க்கிறான், முடிஞ்சுபோச்சு. பின்னாடி உட்கார்ந்து பார்த்து புக் பண்ணின ஒரு ஆளை எனக்குக் காட்டுங்க.

புல்லட்டோட கதையே அப்படித்தான். 1950-கள்ல நம்ம ராணுவம் எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்த வண்டி அது. அந்த ஆர்டரை நம்பித்தான் 1955-ல மெட்ராஸ்ல என்ஃபீல்டு கம்பெனி ஆரம்பிச்சாங்க, பிறகு திருவொற்றியூர்ல வண்டி தயாராச்சு. எல்லையில ரோந்து போற சிப்பாய்க்குப் பின்னாடி சேலை கட்டின அம்மா உட்காரப் போறதில்ல. நம்ம ஊருக்குள்ள வந்தப்புறம்தான் அந்தப் பிரச்சினையே.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் பண்றதே ஒரு வித்தை. சாவியைப் போட்டு, கரண்டைக் காட்டுற ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கரை மெதுவா அமுக்கி, என்ஜின் அழுத்தத்தைக் குறைக்கிற டீகம்ப்ரசர் லீவரைப் பிடிச்சு ஒரு இழுப்பு விட்டு, அப்புறம்தான் முழு உதை. கொஞ்சம் தப்பினா கிக்கர் திருப்பி அடிக்கும், கெண்டைக்கால் வீங்கிடும். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. மத்த வண்டி ஓட்டிப் பழகினவன் அவசரத்துக்கு பிரேக்னு நினைச்சு கியரை மிதிப்பான். எங்க பட்டறைக்கு ஒரு வாத்தியார் வருவார். காலையில அவர் வீட்டு வாசல்ல உதைக்கிற சத்தம் கேட்டா அந்தத் தெருவே மணி ஆயிடுச்சுன்னு கிளம்பும். அவர் வீட்டம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகுற வரைக்கும் பையை வச்சுக்கிட்டு வாசல்லயே நிப்பாங்க. சில நாள் பஸ்ஸுக்கு நடந்தும் போயிருக்காங்க. இப்ப அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. செல்ஃப் இருக்கு, கியரும் இடது பக்கம் வந்தாச்சு. அதை விடுங்க.

மாறாதது எடை. அதே என்ஃபீல்டு கம்பெனியோட கிளாசிக் 350 மாடலை எடுத்துக்கிட்டா பெட்ரோலோட 195 கிலோ. ரெண்டரை மூட்டை நெல்லுன்னு வச்சுக்குங்க. நீங்க இப்ப ஓட்டுற ஸ்கூட்டர் 110 கிலோ சுத்துல இருக்கும். ஓடும்போது எடை தெரியாது. நிறுத்தின வண்டியில அம்மா ஒரு பக்கமா கால் போட்டு ஏறும்போது தெரியும். மொத்த பாரமும் இடது பக்கம் சாயும், நீங்க இடது காலை ஊனித் தாங்கணும். சீட்டு உயரம் 805 மில்லிமீட்டர். உங்க உயரம் என்னன்னு எழுதல. ரெண்டு பாதமும் முழுசாத் தரையில படுதான்னு பார்த்துக்குங்க, அதுவும் பின்னாடி ஆள் இருக்கும்போது.

இன்னொண்ணு. ஓட்டுறவன் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கான். பின்னாடி இருக்கிறவங்க கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு மேலயே இருக்காங்க. வேகத்தடையில உங்களுக்கு லேசா ஒரு குலுக்கல், அவங்களுக்கு இடுப்புல அடி. அதனாலதான் 'மெதுவாத்தானே போறேன்'னு முன்னாடி இருக்கிறவன் சொல்றதும், 'மெதுவாப் போங்க'ன்னு பின்னாடி இருந்து குத்துறதும். ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்றாங்க.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 123-வது விதின்னு ஒண்ணு இருக்கு. பின்னாடி இருக்கிறவங்களுக்குப் பிடிச்சுக்கக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு, மூணும் இருக்கணும்னு சொல்லுது. அந்தத் தடுப்பைத்தான் சாரி கார்டுன்னு சொல்றோம். புது வண்டியை ஷோரூம்ல எடுத்து நேரா பட்டறைக்கு வந்து, 'அண்ணே, இதைக் கழட்டுங்க, லுக்கு கெடுது'ம்பாங்க. துப்பட்டா சக்கரத்துல சுத்தி விழுந்தவங்களை நான் பார்த்திருக்கேன். அதனால கழட்ட மாட்டேன். 'வேற பட்டறை பாரு'ன்னு அனுப்பிடுவேன். அந்த வகையில கொஞ்சம் வியாபாரம் போச்சு, போகட்டும்.

இன்சூரன்ஸ்லயும் இதே பின் சீட்டுதான். இது நிறையப் பேருக்குத் தெரியாது, கவனமாக் கேளுங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷத்துக்குத் தேர்டு பார்ட்டி, அதாவது உங்க வண்டியால மத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கான இன்சூரன்ஸ், சேர்த்தே எடுக்கணும். உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். ரெண்டாவது வருஷம் 'அதான் அஞ்சு வருஷம் இருக்கே'ன்னு அதைப் புதுப்பிக்காம விட்டுடறாங்க. இப்ப மிச்சம் இருக்கிறது வெறும் தேர்டு பார்ட்டி. அந்தக் கட்டாய பாலிசி மட்டும் இருந்தா, பின்னாடி உட்கார்ந்து வந்தவங்களுக்கு அது பொருந்தாதுன்னு 2006-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ரோட்ல நடந்து போறவர் மேல நீங்க இடிச்சா அவருக்குக் காசு உண்டு. உங்க பின்னாடி இருந்து விழுந்த உங்க மனைவிக்குக் கிடையாது. ஓட்டுற உரிமையாளருக்கு 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் தனியா இருக்கு, அதுவும் லைசென்ஸ் செல்லுபடியா இருந்தாத்தான். பின்னாடி உட்கார்றவங்களுக்கும் தனியா சேர்த்துக்கலாம். வாயைத் திறந்து கேட்டு வாங்கணும். லைசென்ஸ்னதும் ஞாபகம் வருது, ஸ்கூட்டர் மட்டும் ஓட்டுறீங்கன்னா உங்களுதுல கியர் வண்டிக்கு அனுமதி இருக்கான்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

பணத்தைச் சீக்கிரம் சொல்லிடறேன். 350 சி.சி. வரைக்குமான வண்டிக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜி.எஸ்.டி. 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு, அது உங்களுக்கு லாபம். இருந்தும் ஆன்ரோடு ரெண்டு லட்சத்தைத் தாண்டும். லோன்காரர் '10 பர்சென்ட்தான் சார்'னு சொன்னா, ஃபிளாட்டா, குறையுற பாக்கிக்கு வட்டியான்னு கேளுங்க. ஒன்றரை லட்சம், மூணு வருஷம், 10 சதவீதம் ஃபிளாட்னா வட்டி மட்டும் 45,000. மாசம் 5,417 ரூபாய். உண்மையில அது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி. ஏன்னா பாதி அசலைக் கட்டின பிறகும் முழு ஒன்றரை லட்சத்துக்கே வட்டி போட்டுக்கிட்டு இருக்கான். முடிஞ்சா இன்னும் கொஞ்சம் சேர்த்துட்டு, கடனைக் குறைச்சு வாங்குங்க.

இப்ப அம்மா. பைக்குன்னா அழறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அழத்தான் செய்வாங்க, கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்திருக்காங்க. 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசோட அறிக்கை சொல்லுது. அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. அம்மாவோட பயம் மூடநம்பிக்கை இல்லைன்னு நீங்க புரிஞ்சுக்கத்தான் இந்தக் கணக்கு, அவங்ககிட்ட போய் ஒப்பிக்காதீங்க. 'அப்ப ஹெல்மெட் இல்லம்மா, இப்ப ஏ.பி.எஸ். இருக்கும்மா'ன்னு விளக்கம் கொடுத்தாலும் எடுபடாது. சரி, 125 சி.சி.க்கு மேல எல்லாப் புது வண்டிக்கும் 2019-ல இருந்து ஏ.பி.எஸ். கட்டாயம்தான், திடீர்னு பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காது, உயிர் காக்குற சமாச்சாரம்தான். இருந்தாலும் அம்மாவுக்கு அது பதில் இல்ல. 'வாங்கட்டுமா'ன்னு கேட்டா 'வேணாம்'னுதான் வரும். 'எப்படி ஓட்டினா நீ தூங்குவம்மா'ன்னு கேளுங்க. ராத்திரி பைபாஸ் வேணாம்பாங்க, மழையில வேணாம்பாங்க, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்பாங்க. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லி, சொன்னபடி நடங்க. இப்ப ஸ்கூட்டர்லயே அதைச் செய்ய ஆரம்பிச்சுடுங்க, வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

இவ்வளவு பேசிட்டேன், ஆனா எனக்கு உறுத்தினது இதெல்லாம் இல்ல. 'ஸ்கூட்டர் ஒண்ணு இருக்கு, ஆபீசுக்கு நான் அதுலதான் போறேன்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிதான். பகல் முழுக்க ஸ்கூட்டர் உங்க ஆபீஸ் வாசல்ல நிக்குது. ரெண்டு பிள்ளைங்களை ஸ்கூல்ல விடறது யாரு? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது யாரு? உங்க வீட்டுக்காரம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. தம்பி, நீங்க என்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கணும்.

சட்டத்தையே எடுத்துக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 128-வது பிரிவுப்படி டூவீலர்ல ஓட்டுறவரைத் தவிர ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை நாலு பேரும் எப்படிப் போறீங்கன்னு நான் கேக்கல, நம்ம ஊர்ல எல்லாரும் எப்படிப் போறோமோ அப்படித்தான் போவீங்க. புல்லட் வந்தா மட்டும் அந்தக் கணக்கு மாறிடாது. ரெண்டு பேர் ரெண்டு வண்டி ஓட்டினாத்தான் ரெண்டு பிள்ளைங்களும் ஒழுங்கா உட்கார்ந்து போக முடியும்.

நான் புதுக்கோட்டைக்காரன்னு உங்களுக்குத் தெரியும். 1990-களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் வந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோட சைக்கிளையும் கத்துக்கச் சொன்னாங்க. கிராமத்துப் பொம்பளைங்க ஆயிரக்கணக்குல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் போதாம ஜென்ட்ஸ் சைக்கிள்லயே பார்ல பிள்ளையை உட்கார வச்சு ஓட்டினாங்க. நான் அப்ப சைக்கிள் கடையில வேலை பார்த்தேன். ஒருத்தர் வந்து, 'என் பொண்டாட்டிக்கு வாடகைக்குக் கொடுக்காதே, கடைக்குப் போனா நேரத்துக்கு வர்றதில்ல'ன்னு சண்டை போட்டார். கொஞ்ச மாசம் கழிச்சு அதே ஆள் அந்தம்மாவுக்குப் பின்னாடி கேரியர்ல உட்கார்ந்து தண்ணிக்குடத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றார். 'என்னண்ணே'ன்னேன். 'அவ நல்லாத்தான் ஓட்டுறா, ஆனா பள்ளம் பார்க்க மாட்டேங்கிறா'ன்னார். பின் சீட்டுக்கு வந்ததும் அவருக்கும் பள்ளம் தெரிஞ்சிடுச்சு!

அதனால என் பதில், வாங்குங்க. ஆனா வரிசையை மாத்துங்க. முதல்ல உங்க வீட்டுக்காரம்மாகிட்ட கத்துக்க இஷ்டமான்னு கேளுங்க. கட்டாயப்படுத்த வேணாம். சரின்னா எல்.எல்.ஆர். போடுங்க. போட்டு 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த ஒரு மாசம் காலையில பஸ் இல்லாத நேரத்துல ஒரு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க பின்னாடி உட்காருங்க, 'பிரேக்கு பிரேக்கு'ன்னு கத்தாம உட்காருங்க. அவங்க லைசென்ஸ் வாங்கினதும் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துட்டு, ஷோரூமுக்கு ரெண்டு பேருமாப் போங்க. டெஸ்ட் டிரைவுக்கு அவங்களைப் பின்னாடி உட்கார வச்சு, வழியில ஒரு வேகத்தடை இருக்கிற ரோடாப் பார்த்து ஓட்டுங்க. இறங்கினதும் அவங்க சொல்றதைக் கேட்டுட்டு புக் பண்ணுங்க. கிளாசிக் கனமா இருக்குன்னு சொன்னா அதே என்ஜின்ல ஹன்டர்னு ஒரு மாடல் இருக்கு, எடை கொஞ்சம் குறைவு, அதையும் ஏறிப் பார்க்கச் சொல்லுங்க.

அடுத்தது கரூர்ல இருந்து ஒரு கேள்வி. மழைக்காலத்துல செயினுக்கு எத்தனை நாளுக்கு ஒருதரம் எண்ணெய் விடணும்னு கேட்டிருக்காங்க.